99 வருஷக் குத்தகை: போவிஸ் ஸ்கொயர் வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டன?

நாட்டிங் ஹில் என்றதும் நம்மில் பல பேருக்கு ஜூலியா ராபர்ட்ஸ் படம்தான் ஞாபகம் வரும். வெள்ளை வெளேர்னு வரிசையாக நிற்கும் வீடுகள், வாசலில் தூண், பால்கனியில் இரும்புக் கம்பி வேலைப்பாடு. இன்றைக்கு அங்கே ஒரு முழு வீட்டின் விலை பல மில்லியன் பவுண்ட். பார்த்தவுடனே, "விக்டோரியா மகாராணி காலத்துப் பணக்காரங்க வாழ்ந்த தெருடா இது"ன்னு தோணும்.

இந்த எபிசோடில் நான் சொல்ல வருவது, அங்கே பல தெருக்களில் அந்தப் பணக்காரர்கள் வரவே இல்லை என்பதுதான். வருவார்கள் என்று நம்பிக் கட்டினார்கள். வரவில்லை. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல், யாருக்காகக் கட்டப்படவில்லையோ அவர்கள்தான் அந்த வீடுகளில் வாழ்ந்தார்கள். எல்லாத் தெருவையும் பேச நேரமில்லை. அதனால் நாட்டிங் ஹில்லில் போவிஸ் ஸ்கொயர், அதை ஒட்டிய கோல்வில் தெருக்கள், இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கலாம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஒரு சீலிங். ஆபீஸ் வேலையாக லண்டனில் ஆறு மாசம் இருந்தபோது, இந்த மாதிரி ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் ஒரு ரூம் எடுத்திருந்தேன். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் இலையும் பூவுமாக ஒரு பிளாஸ்டர் பட்டை ஓடும். மூணு பக்கம் ஓடும். நாலாவது பக்கம் இல்லை. அந்தச் சுவருக்குள்ளே போய் முட்டி, அப்படியே மறைஞ்சிடும். ஏன் என்றால் அந்த நாலாவது சுவர் பிறகு வந்தது. ஒரு பெரிய அறையை நடுவில் தடுத்து ரெண்டாக்கியிருக்கிறார்கள். பக்கத்து ரூம்காரர் வீட்டு சீலிங்கிலும் இதே மூணு பக்கக் கதைதான். கமென்ட் எழுதாத பழைய கோடைப் படிக்கிற மாதிரி, அன்றையிலிருந்து அந்த ஏரியா வீடுகளைப் படிக்க ஆரம்பித்தேன். பாதி விஷயம் சுவரிலேயே இருக்கு. மீதி 'சர்வே ஆஃப் லண்டன்' என்ற பிரம்மாண்டமான தொகுப்பில் இருக்கு. அதில் 37ஆவது தொகுதி முழுக்க வடக்கு கென்சிங்டன்தான். 1973இல் வந்தது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

சரி, முதலில் ஒரு வீடு எப்படி உருவானது என்று பார்ப்போம். மனைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பரம்பரை நிலம். அவர் விற்க மாட்டார், கட்டவும் மாட்டார். 99 வருஷக் குத்தகைக்குக் கொடுப்பார். நம்ம ஊர்க் கோயில் நிலத்துக்கு அடிமனை வாடகை என்று சொல்வோமில்லையா, அதே மாதிரி வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை. முதல் வருஷம் அதுவும் இல்லை, பேருக்கு ஒரு மிளகு. உண்மையாகவே பத்திரத்தில் மிளகு என்றுதான் எழுதினார்கள். 99 வருஷம் முடிந்ததும் மனையோடு சேர்த்து, அதன் மேல் நிற்கும் வீடும் மனைக்காரருக்கே சொந்தம். ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் அவருடைய பேரனுக்கு ஒரு தெருவே கிடைக்கும்.

கட்டுகிறவர் யார்? பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய லண்டன் பில்டர்களில் பெரும்பாலோர் வருஷத்துக்கு ஐந்தாறு வீடுதான் கட்டினார்கள். நேற்றுவரை தச்சராகவோ கொத்தனாராகவோ இருந்தவர்கள். கையில் காசு கிடையாது. சுவர் எழுப்பி, கூரை போட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத எலும்புக்கூடாக வீடு நிற்கும்போதே அதை அடமானம் வைப்பார்கள். அந்தப் பணத்தில் உள்வேலையை முடிப்பார்கள். கடன் கொடுப்பது யாருடைய பணம்? பெரும்பாலும் வக்கீல்கள் மூலமாக வரும். கணவனை இழந்த பெண்கள், பாதிரியார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், இவர்கள் வக்கீலிடம் கொடுத்து வைத்த சேமிப்பு. அதாவது ஒரு தெரு முழுக்க, வாங்க ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாமலே, கடனுக்கு மேல் கடன் வாங்கி எழுப்பப்பட்டது. ஃபண்டிங் நிற்கிற வரைக்கும் எல்லாம் சூப்பராக ஓடும். ஸ்டார்ட்டப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகின கதை.

நாட்டிங் ஹில்லில் அந்த ஃபண்டிங் அடிக்கடி நின்றது.

1852இல் சாமுவேல் வாக்கர் என்று ஒரு பாதிரியார் இந்தக் கதைக்குள் வருகிறார். கார்ன்வாலில் ஒரு சர்ச்சுக்குத் தலைமை. பெரிய பரம்பரைச் சொத்து கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து இந்தப் பகுதியில் போட்டார். போர்டோபெல்லோ பண்ணை நிலத்தை டால்பட் சகோதரிகளிடமிருந்து வாங்க ஏற்பாடு செய்தார். தெரு தெருவாக வீடு கட்ட பில்டர்களுக்குக் கடன் கொடுத்தார். நடுவில் ஆல் செயின்ட்ஸ் என்று ஒரு பெரிய சர்ச் கட்டவும் தொடங்கினார். அந்த நேரத்தில் கிரிமியப் போர் வந்தது, வட்டி ஏறியது, பணம் இறுகியது. 1855க்குள் வாக்கர் கைக்காசு முழுக்கக் காலி.

விளைவை யோசிச்சுப் பாருங்க. சேற்று நிலத்தில் ஜன்னலும் கதவும் இல்லாத எலும்புக்கூட்டு வீடுகள் வருஷக்கணக்காக நின்றன. ஒரு வரிசைக்கு மக்கள் 'சவப்பெட்டி வரிசை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பாதியில் நின்ற அந்த சர்ச்சுக்கு 'சேற்றுக்குள் சகல பாவிகள்' என்று கிண்டல். ஆல் செயின்ட்ஸ் என்றால் சகல புனிதர்கள் இல்லையா, அதைத் திருப்பிப் போட்டார்கள். 1861இல்தான் சர்ச் திறந்தது. கோபுரத்தின் மேல் வர வேண்டிய கூர்முனை இன்றுவரை வரவில்லை.

இதே காலத்தில் பக்கத்து நிலங்களில் இன்னொரு முதலாளி இருந்தார். சார்லஸ் ஹென்றி பிளேக். அவருடைய பணம் கல்கத்தாவில், அவுரி உள்ளிட்ட வியாபாரங்களில் சம்பாதித்தது. வங்காளத்து அவுரி வயல்களில் விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்தப் பணம் லண்டனில் போர்ட்டிகோ வைத்த வீடாக மாறியது என்பதை இந்தத் தெருக்களில் நடக்கும்போது என்னால் மறக்க முடியவில்லை. பிளேக்கும் கடனில் மூழ்கும் நிலைக்குப் போனார். ஆனால் தப்பித்தார். காரணம் ரயில். 1864இல் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் பாதை இந்தப் பகுதி வழியாக வந்தது. அந்த ரயில் திட்டத்தை முன்னெடுத்தவர்களில் அவரும் ஒருவர். நிலத்துக்காரரே ரயிலையும் கொண்டுவருவது ஒன்றும் புதுசில்லை.

ரயில் வந்த சமயத்தில்தான் போவிஸ் ஸ்கொயரும் கோல்வில் தெருக்களும் எழுந்தன. வாக்கர் கைவிட்ட நிலத்தில், ஜார்ஜ் டிப்பெட் என்ற பில்டர் 1860களிலும் 70களின் தொடக்கத்திலும் கட்டினார். இப்போ வீட்டை நல்லாப் பார்ப்போம், ஏன்னா எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

முன்பக்கம் பார்த்தால் கல் வீடு மாதிரி இருக்கும். கல் இல்லை, சிமென்ட் பூச்சு. கோடு போட்டு, கல் அடுக்கின மாதிரி காட்டியிருப்பார்கள். பின்பக்கம் போனால் பூச்சே இல்லாத மஞ்சள் செங்கல். தெருவில் நடக்கிறவன் கண்ணுக்கு மட்டும் மேக்கப். அந்த மஞ்சள் செங்கலை உற்றுப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெரியும். அது என்ன தெரியுமா? லண்டன் வீடுகளின் அடுப்புச் சாம்பல். குப்பை அள்ளுகிற கான்ட்ராக்டர்கள் வீடு வீடாகச் சாம்பலை அள்ளி, சலித்து, செங்கல் சூளைக்கு விற்பார்கள். அதைக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்து அறுத்தால், சாம்பலில் மிச்சமிருக்கும் கரித்துகள் சூளையில் செங்கல்லை உள்ளிருந்தே வேக வைக்கும். பழைய வீட்டு அடுப்பில் எரிந்த மிச்சம்தான் புது வீட்டின் சுவர். ஒரு பழைய சூளை நாட்டிங் ஹில்லில் வால்மர் ரோட்டில், பாட்டில் வடிவத்தில் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் களிமண் தோண்டுகிறவர்களும் பன்றி வளர்க்கிறவர்களும் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். பெரிய வீடுகளுக்கு நடந்தே போகிற தூரம்தான். எஸ்டேட் விளம்பரத்தில் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜன்னலைப் பாருங்க. மேலும் கீழுமாகத் தள்ளுகிற ஜன்னல், ஒவ்வொரு பாதியிலும் ஒரே பெரிய கண்ணாடி. அதற்கு முந்தைய தலைமுறை வீடுகளில் சின்னச் சின்ன கண்ணாடிச் சதுரங்கள் இருக்கும். நடுவில் என்ன நடந்தது? 1845இல் கண்ணாடி மீதான வரி போனது, 1850இல் செங்கல் வரி போனது, 1851இல் ஜன்னல் வரி போனது. பெரிய கண்ணாடி மலிவானது. ஆனால் கனம் கூடியது. அதனால் ஜன்னல் சட்டத்தின் முனையில் வளைந்த கொம்பு மாதிரி ஒரு சின்ன நீட்சி வைத்தார்கள், மூலை பிரிந்துவிடாமல் தாங்க. அந்தக் கொம்பு இருந்தால், ஜன்னல் பெரும்பாலும் விக்டோரியா காலத்துது, அதுக்கு முந்தியது இல்லை. ஸ்ட்ரீட் வியூவில்கூட ஜூம் செய்து பார்க்கலாம்.

தெருவே கொஞ்சம் ஏமாற்று வேலை. பேஸ்மென்ட் தளம் பூமிக்குள் தோண்டியது போலத் தெரியும். அவ்வளவு ஆழமாகத் தோண்டவில்லை. கொஞ்சம் தோண்டி, அந்த மண்ணை முன்னாடி கொட்டி, தெருவை மேலே ஏற்றினார்கள். பின்பக்கத் தோட்டத்துக்குப் போனால் பழைய வயலின் மட்டம் அங்கேயே இருக்கும். தெருவுக்கு அடியில் கரி சேமிக்கும் நிலவறை. நடைபாதையில் தட்டு அளவில் வட்டமாக இரும்பு மூடி இருக்கே, அதைத் திறந்துதான் கரிக்காரர் கொட்டுவார். வீட்டுக்குள் அழுக்குக் கால் படாது.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வேலை. அடியில் சமையல்கட்டு. தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில் விருந்தாளிகளை உட்கார வைக்கும் பெரிய கூடம், அங்கேதான் பால்கனி, அங்கேதான் ஜன்னல் ரொம்ப உயரம். மேலே போகப் போக ஜன்னல் குட்டையாகும். உச்சியில் குழந்தைகளும் வேலைக்காரப் பெண்களும். ஜன்னல் உயரத்தை வைத்தே அந்த மாடியில் இருந்தவரின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். தெருவோரம் ஒவ்வொரு அடிக்கும் வாடகை கணக்கு என்பதால் வீடு குறுகலாகவும் உயரமாகவும் போனது. அப்படியென்றால் கரியும் வெந்நீரும் சாம்பலும் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும்? யார் தூக்குவது? வேலைக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் இல்லாமல் இந்த வீடு ஓடவே ஓடாது. மாடித் திட்டமே அவர்களுடைய கால்களை நம்பித்தான் போடப்பட்டது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வர வேண்டிய குடும்பங்களுக்கு ஹைட் பார்க் பக்கமும் சவுத் கென்சிங்டன் பக்கமும் இதே காலத்தில் இதே மாதிரி வீடுகள் ஏராளமாகக் கிடைத்தன. தோட்டத்தோடு தனி வீடு வேண்டுமென்றவர்கள், அதே ரயிலில் ஏறி இன்னும் தள்ளிப் போனார்கள். போவிஸ் ஸ்கொயர் நடுவில் மாட்டிக்கொண்டது. 1880களிலேயே அங்கே வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து விட ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் டிப்பெட் திவாலானார். கட்டி இருபது வருஷம்கூட ஆகவில்லை. அந்த மூணு பக்கப் பட்டைக் கதை அவ்வளவு சீக்கிரம் தொடங்கிவிட்டது.

யார் வந்தார்கள்? இங்கேதான் நமக்கு ஒரு நேரடித் தொடர்பு. வால்டர் ரென் என்பவர் போவிஸ் ஸ்கொயரில் ஒரு கோச்சிங் சென்டர் நடத்தினார். எதுக்கு? ஐ.சி.எஸ். தேர்வுக்கு. 1855 முதல் போட்டித் தேர்வாக நடந்த அது, 1922 வரைக்கும் லண்டனில் மட்டும்தான். இந்தியாவை ஆளும் வேலைக்கு இந்தியர் ஒருவர் எழுத வேண்டும் என்றால் கப்பல் ஏறியே ஆக வேண்டும். ரென்னிடம் படிக்க வந்த பையன்கள், இந்தியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பங்கள், எல்லாரும் சுற்றுப்புறத்தில் தங்கியதால், அந்த இடத்துக்கு 'குட்டி இந்தியா' என்றே பேர் வந்தது. ஜமீன்தார் மாதிரி வாழக் கட்டின வீடு, கோச்சிங் ஹாஸ்டல் ஆனது.

அதுக்கப்புறம் முதல் உலகப் போர். வீட்டு வேலைக்குப் பெண்கள் கிடைப்பது குறைந்தது. படிக்கட்டைச் சுமந்த கால்கள் போனதும், முழு வீடாக வைத்திருக்கும் கணக்கே உடைந்தது. மாடி ஒரு குடும்பம் என்பது அறை ஒரு குடும்பம் ஆனது. இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சில் லண்டன் முழுக்க வீட்டுப் பஞ்சம்.

இங்கே நான் ஆரம்பத்தில் சொன்ன குத்தகைக் கணக்குக்குத் திரும்பணும். லண்டனின் மேற்கே 1850களிலும் 60களிலும் போட்ட 99 வருஷப் பத்திரங்களுக்குக் கூட்டிப் பாருங்க. 1950கள், 1960கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடியப் போகின்றன. இன்னும் எட்டோ பத்தோ வருஷத்தில் மனைக்காரரிடம் போகப்போகிற வீட்டுக்கு எவன் கூரை மாற்றுவான்? எவன் குழாயைச் சரி பண்ணுவான்? அந்தக் கடைசிக் காலக் குத்தகைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கலாம். வாங்கி, மிச்சமிருக்கும் வருஷங்களில் எவ்வளவு வாடகை பிழிய முடியுமோ பிழியலாம்.

பீட்டர் ராக்மன் அதைத்தான் செய்தார். போலந்தில் இருந்து போருக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். போவிஸ் ஸ்கொயர், போவிஸ் டெரஸ், கோல்வில் பக்கமெல்லாம் அவருக்கு வீடுகள் இருந்தன. பழைய வாடகைதாரர்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு உண்டு, வாடகையை ஏற்ற முடியாது. 1957இல் வந்த வாடகைச் சட்டம், அவர்கள் காலி செய்துவிட்டால் அந்த இடத்துக்குக் கட்டுப்பாடு இல்லை என்றது. அவ்வளவுதான், ஆள் இருக்கிற வீட்டைவிட ஆள் இல்லாத வீட்டுக்கு விலை பல மடங்கு. கிளம்ப வைப்பதற்கு மிரட்டல், அடியாள், ராத்திரி முழுக்கச் சத்தம். அப்புறம் அதே அறையில் ஒரு கட்டிலும் நாற்காலியும் போட்டு, சாமான்களோடு வாடகைக்கு என்று எழுதினால், பழைய கட்டுப்பாடு கிட்டே வராது.

அந்த அறைகளுக்கு வந்தவர்கள் கரீபியத் தீவுகளில் இருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். பஸ் ஓட்டவும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவும் பிரிட்டனுக்கு அவர்கள் வேண்டும். ஆனால் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஜன்னலில் அட்டை மாட்டியிருந்த ஊர் அது. வேறு யாரும் கொடுக்காத அறையை ராக்மன் கொடுத்தார், கூடுதல் வாடகைக்கு. சில பேர் அவரை நல்லவிதமாக நினைவுகூர்ந்ததும் உண்டு. என்னால் அந்தப் பக்கம் சாய முடியவில்லை. கதவு ஒன்றே ஒன்றுதான் திறந்திருக்கு என்று தெரிந்தவன் நுழைவுக் கட்டணம் வாங்கினான், அவ்வளவுதான். 1958 கோடையின் கடைசியில் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக்கார இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கரீபியர்களைத் தாக்கினார்கள். அடுத்த மே மாதம் ஆன்டிகுவாவில் இருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார்.

ராக்மன் 1962இல் இறந்தார். அடுத்த வருஷம் புரொஃபியூமோ விவகாரத்தில்தான் அவர் பேரே வெளியுலகுக்குத் தெரிந்தது. 'ராக்மனிசம்' என்று ஆங்கில அகராதியில் ஒரு சொல் ஏறியது. 1965இல் வந்த வாடகைச் சட்டம் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. ஒரு ஆள் பேரை அகராதியில் போட்டது சரிதான், ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். எல்லாப் பழியும் ராக்மன் மேல் போனதால், அந்த 99 வருஷக் கடிகாரத்தைப் பற்றிப் பேச்சே குறைஞ்சுபோச்சு. அவர் இல்லாத தெருக்களிலும் அதே கூரை அதே மாதிரி ஒழுகியது.

1963இல் புரூஸ் கென்ரிக் என்ற பாதிரியார் நாட்டிங் ஹில் ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். இந்த மாதிரி வீடுகளை வாங்கி, செப்பனிட்டு, சின்னக் குடும்பங்கள் வாழ்கிற ஃப்ளாட்டுகளாக மாற்றி, குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். இதே பகுதியை ஒரு பாதிரியார் சேற்றில் விட்டுப்போனார், நூறு வருஷம் கழித்து இன்னொரு பாதிரியார் கூரையை மாற்றினார். பல மில்லியன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே அந்த மாதிரி ஃப்ளாட்டுகள் இன்றும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வாசலில் காலிங் பெல் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, கொஞ்சம் பிடிபடும்.

கடைசியாக, அந்தச் சதுக்கத்தின் நடுவில் இருக்கும் தோட்டம். போவிஸ் ஸ்கொயர் தோட்டம் தனியார் தோட்டமாகத்தான் போடப்பட்டது. சுற்றி வேலி, கதவுக்குப் பூட்டு. சுற்றியிருந்த வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம் இருந்தபோதும் அது பூட்டியேதான் கிடந்தது. குழந்தைகள் கார் ஓடுகிற ரோட்டில் விளையாடினார்கள். 1968இல் அந்தப் பகுதி மக்கள் கூட்டமாகப் போய் வேலியை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். பிறகு கவுன்சில் அந்தத் தோட்டத்தை வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. இப்போதும் அங்கே ஊஞ்சல் இருக்கு, மதியம் ஸ்கூல் விட்டதும் சத்தம் கேட்கும்.

அடுத்த எபிசோடில் இந்தத் தெருக்களுக்கு அடியில் போகலாம், பசல்ஜெட் கட்டின சாக்கடைக்குள். அதுவரைக்கும் பை.